டர்பனில் பாதுகாப்பு யார் பொறுப்பு? துறைமுக வேலைக்கு வரும் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக வேலையில் இருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் மூன்று வருட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. மனைவியும் ஏழு வயது மகளும் கூட வருகிறார்கள். 2021 கலவரக் காட்சிகளை யூடியூபில் பார்த்து உங்கள் மாமியார் பயந்துபோயிருக்கிறார். "அங்கே சட்டம் ஒழுங்கு மாகாண அரசிடமா இருக்கிறது? ஏதாவது ஆனால் நம்ம ஊர் கலெக்டர், எஸ்.பி. மாதிரி யாரிடம் போய் நிற்பது? அரசாங்கம் ஏதாவது செய்கிறதா, இல்லை எல்லாரும் துப்பாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா?" இதுதான் நீங்கள் கேட்டது.

நான் கல்யாணமாகி இங்கே வந்து பத்தொன்பது வருடம். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் குடும்பம் நாலு தலைமுறையாக இங்கேதான். அவருக்குத் தெரிந்த தமிழ் தேவாரம் இரண்டு, திட்டு நாலு. எங்கள் பகுதி சி.பி.எஃப்., அதாவது சமூகக் காவல் மன்றத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். மாகாண அதிகாரிகள் வந்த கூட்டங்களில் டீயும் ஊற்றியிருக்கிறேன், தீர்மானமும் எழுதியிருக்கிறேன்.

முதலில் நம் ஊர்க் கணக்கை அழித்துவிடுங்கள். இந்தியாவில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. டி.ஜி.பி. முதலமைச்சருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஓர் ஊரில் கலவரம் என்றால் "முதல்வர் என்ன செய்கிறார்?" என்று கேட்கலாம், கேட்கவும் செய்வோம். இங்கே ஒன்பது மாகாணத்துக்கும் சேர்த்து ஒரே போலீஸ். அதன் தலைமையும் சம்பளமும் உத்தரவும் தலைநகர் பிரிட்டோரியாவிலிருந்து வருபவை. குவாசூலு நட்டால் மாகாணத்தின் பிரீமியர், நம் கணக்கில் முதலமைச்சர், ஒரு கான்ஸ்டபிளைக்கூடச் சாட்ஸ்வர்த்திலிருந்து இதே போன்ற இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸுக்கு மாற்ற முடியாது. கேட்கலாம், கமிஷனர் மனது வைத்தால் நடக்கும்.

இப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் இந்த நாட்டில் பதினொரு போலீஸ் படைகள் இருந்தன: வெள்ளை அரசாங்கத்தின் படை ஒன்று, "தாயகம்" என்று கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த பகுதிகளுக்குப் பத்து. 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாகாணத்தில் இன்காதா கட்சிக்கும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கும் நடந்த சண்டையில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அப்போது தாயகப் படைகளில் ஒன்றான குவாசூலு போலீஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்பது பெரிய குற்றச்சாட்டு. ஆகவே 1995இல் சட்டம் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். 1996 அரசியல் சட்டமும் அதையே உறுதி செய்தது. மாகாணத்தின் கையில் தடியைக் கொடுத்தால் அது கட்சித் தடியாகிவிடும் என்ற பயம். எங்கள் மாமியார் அந்தக் காலத்தைப் பார்த்தவர். மாகாணத்துக்குப் போலீஸ் வேண்டும் என்று நான் பேச ஆரம்பித்தால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்பார்.

அப்படியானால் மாகாணத்துக்கு என்னதான் மிச்சம்? கண்ணும் வாயும். அரசியல் சட்டத்தின் 206ஆம் பிரிவு கொடுக்கும் உரிமைகள் இவை: போலீஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று கண்காணிக்கலாம், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கலாம், மக்களுக்கும் போலீஸுக்கும் இடையே உறவை வளர்க்கலாம், மாகாண போலீஸ் கமிஷனரைச் சட்டமன்றத்துக்கு வரவழைத்துக் கேள்வி கேட்கலாம், புகார் முற்றினால் விசாரணைக் குழு அமைக்கலாம். இதற்கெல்லாம் மாகாண அமைச்சரவையில் ஓர் எம்.இ.சி., அதாவது மாகாண அமைச்சர், இருப்பார். மாகாணக் கமிஷனரைத் தேசியக் கமிஷனர்தான் நியமிப்பார், ஆனால் மாகாண அமைச்சரவையின் ஒப்புதல் வேண்டும். அந்த அமைச்சரவை அவர்மேல் நம்பிக்கை இழந்தால் நீக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். கல்யாணத்தில் தாய்மாமனுக்கு இருக்கிற அதிகாரம் மாதிரி. கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது, ஆனால் சமையல்காரரை வேலைக்கு வைப்பது அவர் இல்லை.

இந்த வாய் அதிகாரத்தை லேசாக நினைக்காதீர்கள். கேப் டவுன் பக்கம் காயலிட்ஷாவில் போலீஸ் சரியாக வேலை செய்யவில்லை, மக்கள் தாங்களே திருடனைப் பிடித்துக் கொல்கிறார்கள் என்று தொண்டு அமைப்புகள் புகார் கொடுத்தன. 2012இல் மேற்கு கேப் பிரீமியர் ஹெலன் ஸில்லே விசாரணைக் குழு போட்டார். போலீஸ் அமைச்சர் "உங்களுக்கு அந்த உரிமை இல்லை" என்று வழக்குக்குப் போனார். அரசியல் சட்ட நீதிமன்றம் 2013இல் மாகாணம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2014இல் வந்த அறிக்கையில் என்னை உலுக்கியது ஒரு சின்ன விஷயம்: கொலை அதிகம் நடக்கும் ஏழைப் பகுதிகளில்தான் ஆளுக்கு இத்தனை என்று பார்த்தால் போலீஸ் குறைவு. அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். போலீஸைப் பங்கிடும் முறை இனத்தாலும் வறுமையாலும் பாரபட்சம் காட்டுகிறது என்று 2018இல் சமத்துவ நீதிமன்றம் சொன்னது. ஒரு மாகாணம் கேட்ட கேள்வி ஆறு வருடத்தில் அங்கே போய் நின்றது. ஆறு வருடம் என்பதையும் கவனியுங்கள்.

எங்கள் மாகாணத்திலும் இப்படி ஒன்று நடந்தது. கவுன்சிலர்களையும் கட்சிக்காரர்களையும் சுட்டுத் தள்ளும் வழக்கம் பெருகியபோது, 2016இல் பிரீமியர் வில்லிஸ் மச்சூனு மொராணே விசாரணைக் குழுவை அமைத்தார். பதவிக்கும் டெண்டருக்கும் நடக்கும் போட்டிதான் பெரிய காரணம் என்று 2018 அறிக்கை சொன்னது. அதே வருடம் மத்திய அரசு அரசியல் கொலைகளுக்கென்று ஒரு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. பிறகு நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலை 6ஆம் தேதி எங்கள் மாகாணக் கமிஷனர் நிலாநிலா மக்வனாஸி, சீருடையில், ஆயுதம் ஏந்திய போலீஸார் பின்னால் நிற்க, பத்திரிகையாளர் முன் உட்கார்ந்தார். அந்தக் குழுவைக் கலைத்து விசாரணைகளில் தலையிடுகிறார் என்று தன் அமைச்சர்மீதே குற்றம் சாட்டினார். அமைச்சர் சென்ஸோ மச்சூனு மறுத்தார். அதிபர் அவரை விடுப்பில் அனுப்பிவிட்டு நீதிபதி மட்லங்கா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார். இவ்வளவும் எங்கள் மாகாணத்துக் கொலைகளைப் பற்றிய சண்டை, ஆனால் சண்டை மாகாணக் கமிஷனருக்கும் மத்திய அமைச்சருக்கும். பிரீமியர் என்ன செய்தார் என்று கேட்டால், உங்களையும் என்னையும் போல டி.வி. பார்த்திருப்பார்.

சரி, மாகாணத்துக்குக் கையே இல்லையா என்றால், சில இடங்களில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஆர்.டி.ஐ. என்று போக்குவரத்து ஆய்வாளர்கள் நிற்பார்கள். அவர்கள் மாகாணத்தின் ஆட்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி ஜோஹன்னஸ்பர்க் சாலையில் வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக் கிடந்தபோது அவர்கள் பாடு பெரும் பாடு. ஆம்புலன்ஸ் மாகாணத்தினுடையது. மதுக்கடை உரிமமும் மாகாணம்தான் கொடுக்கிறது. என்னைக் கேட்டால் பாதுகாப்பு விஷயத்தில் மாகாணத்தின் கையில் இருக்கும் நல்ல கருவி அதுதான். வார இறுதியில் ஆஸ்பத்திரிக்கு வரும் கத்திக்குத்துக் கேஸ்களைப் பார்க்கும் எந்த நர்ஸையும் கேளுங்கள். புதிய கடைக்கு விண்ணப்பம் வந்தால் அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் தெருமுனையில் ஒன்றை அப்படித்தான் தடுத்தோம். இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள்: சுறாவிடமிருந்து காப்பாற்ற எங்கள் மாகாணத்துக்குத் தனி வாரியமே இருக்கிறது, 1964இலிருந்து. கடலில் வலை போட்டு, படகில் போய்ச் சரிபார்த்து, அவ்வளவு ஒழுங்கு. மணலில் பையைப் பறிப்பவனிடமிருந்து காப்பாற்றுவதுதான் பிரிட்டோரியாவின் வேலை.

அடுத்தது நகராட்சி. டர்பனும் சுற்றுப்புறமும் சேர்ந்தது ஈத்தெக்வினி மாநகராட்சி. அதற்குச் சொந்தமாக மெட்ரோ போலீஸ் உண்டு. 1854இல் டர்பன் நகரப் போலீஸாகத் தொடங்கி, எல்லா ஆட்சி மாற்றத்தையும் தாண்டி வந்த படை. போக்குவரத்து, நகராட்சி விதிகள், குற்றத் தடுப்பு ஆகிய மூன்றும் அவர்கள் வேலை. கைது செய்யலாம், ஆனால் புலனாய்வு செய்ய முடியாது; பிடித்தவனைத் தேசிய போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். வண்டி இடித்துவிட்டது, சாலையை அடைத்துக் கல்யாணப் பந்தல் போட்டிருக்கிறார்கள், காவடிக்குத் தெருவை மூட வேண்டும் என்றால் மெட்ரோ. வீட்டில் திருடு என்றால் தேசிய போலீஸ். தீயணைப்பும் நகராட்சிதான்.

"நகராட்சி விதி" என்றால் குப்பைத் தொட்டிச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி சாட்ஸ்வர்த்தில் 'த்ராப்' என்ற கேளிக்கை விடுதியில் பள்ளிப் பிள்ளைகள் நிரம்பியிருந்தபோது யாரோ கண்ணீர்ப்புகைக் குப்பியை வீசினார்கள். இருட்டு, நெரிசல், ஓட்டம். பதின்மூன்று பிள்ளைகள் செத்தார்கள். எங்கள் தெருவில் இன்றும் அந்த மாதம் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் ஒரு வீடு இருக்கிறது. எத்தனை பேர் உள்ளே போகலாம், எத்தனை வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உயிர்க் கணக்கு என்று சாட்ஸ்வர்த் கற்றுக்கொண்டது அன்றுதான். பிறகு 2010இல் வந்த நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டத்தால் பெரிய கூட்டம் கூடும் கோயில் திருவிழாவுக்கும் போலீஸிடம் அபாய மதிப்பீடு வாங்க வேண்டியிருக்கிறது. ஆடிக் கஞ்சிக்கு இத்தனை பாரமா என்று கோயில் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். நான் முணுமுணுப்பதில்லை.

இனி உங்கள் மாமியாரைப் பயமுறுத்திய 2021.

ஜூலை 7ஆம் தேதி இரவு முன்னாள் அதிபர் ஜேக்கப் ஸூமா சிறைக்குப் போனார். நீதிமன்ற அவமதிப்புக்குப் பதினைந்து மாதம். அடுத்த இரண்டு நாளில் மூயி ரிவர் சுங்கச்சாவடியில் லாரிகளை எரித்து ஜோஹன்னஸ்பர்க் சாலையை மறித்தார்கள். ஞாயிறு மாலைக்குள் கடைகள், கிடங்குகள், பேரங்காடிகள் சூறையாடப்பட்டன. திங்கள் 12ஆம் தேதி காலை எங்கள் வீட்டு மாடியிலிருந்து நாலு திசையிலும் புகை. அன்றைக்குத்தான் கார்னூபியாவில் ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்து விஷம் ஆற்றில் கலந்தது. போலீஸ் அவசர எண்ணான 10111ஐ அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சி.பி.எஃப். செயலாளர் என்ற முறையில் எங்கள் ஸ்டேஷன் அதிகாரியின் செல்பேசி எண் என்னிடம் இருந்தது. எடுத்தார். "அக்கா, என்னிடம் இரண்டு வண்டி, பதினோரு ஆள். என்ன செய்யச் சொல்றீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிரீமியர் தொலைக்காட்சியில் அமைதி காக்கச் சொன்னார். அவரால் முடிந்தது அது. ராணுவத்தை இறக்கும் உரிமை அதிபருக்கு மட்டுமே. முதலில் 2,500 பேர் என்றார்கள். சில நாளில் அதை 25,000 ஆக்கினார்கள். அந்தச் சில நாள்தான் எல்லாமே.

அந்த இடைவெளியில் தெருக்கள் தாங்களே அரசாங்கமாயின. எங்கள் தெருமுனையில் டயரும் கடைத் தள்ளுவண்டியும் குறுக்கே போட்டார்கள். நான் வாட்ஸ்அப்பில் முறை வைத்துப் பெயர் எழுதினேன்: இரவு பத்திலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஆறு. கிரிக்கெட் மட்டை, இரும்புக் கம்பி, ஓரிருவரிடம் உரிமம் உள்ள துப்பாக்கி. பால் தீர்ந்தது, ரொட்டி தீர்ந்தது, வரிசையில் ஐந்து மணி நேரம் நின்று ஆளுக்கு ஒரு ரொட்டி வாங்கினோம். பயமும் ஒரு மாதிரி உற்சாகமும் கலந்து கிடந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த உற்சாகம்தான் ஆபத்து என்று எனக்குப் புரிந்தது செவ்வாய் காலையில். பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு கறுப்பின ஜூலு நர்ஸை, சீருடையில் இருந்தவரை, எங்கள் பையன்கள் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். நாலு இந்தியர்கள் அதே வழியில் போனார்கள், யாரும் நிறுத்தவில்லை. எங்கள் மாமியார் வீட்டுச் செருப்போடு ஓடி வந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்து பையன்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அந்த முறைப்பட்டியலை எழுதியவள்.

எங்கள் தெருவில் அதோடு போயிற்று. ஃபீனிக்ஸில் போகவில்லை. அந்தச் சில நாளில் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டதாகப் போலீஸ் அமைச்சர் பிறகு அறிவித்தார்; பெரும்பாலோர் கறுப்பின மக்கள், சாலைத் தடுப்புகளில் நிறுத்தப்பட்டவர்கள் பலர். நாடு முழுக்க 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஆட்கள் இதைப் பற்றிப் பேசும்போது "நம்மைக் காப்பாற்றிக்கொண்டோம்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். வீட்டைக் காத்தவர்கள் நிறையப் பேர், உண்மை. வழியில் போனவனைச் சுட்டவர்களும் இருந்தார்கள், அதுவும் உண்மை. மனித உரிமை ஆணையத்தின் விசாரணையில் பிள்ளையை இழந்த தாய்கள் பேசியதைக் கேட்டவர்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்த மாட்டார்கள்.

பேராசிரியர் சாண்டி ஆஃப்ரிகா தலைமையில் அதிபர் அமைத்த நிபுணர் குழு கொடுத்த அறிக்கை 2022 பிப்ரவரியில் வெளியானது. உளவுத் துறை தவறியது, போலீஸ் தயாராக இல்லை, பொறுப்பேற்க மேலே யாரும் முன்வரவில்லை என்பது அதன் சாரம். நான் கூட்டிக்கொள்வது ஒன்று. எங்கள் சி.பி.எஃப். கூட்டங்களில் ஜூலைக்கு முன்பே மாகாண அதிகாரிகளிடம் சொல்லியிருந்தோம்: கலவரத் தடுப்புப் போலீஸ் போதாது, ஸ்டேஷனில் வண்டி இல்லை என்று. அவர்களும் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் குறித்துக்கொண்டதை நானும் குறித்துவைத்திருக்கிறேன். பார்க்கிற கண்ணுக்கும் பிடிக்கிற கைக்கும் நடுவில் அறுநூறு கிலோமீட்டரும் மூன்று கமிட்டியும் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

இந்தக் குறையை அடைக்க மாகாணங்கள் எடுத்த முயற்சிகள் இரண்டு விதம். மேற்கு கேப், கேப் டவுன் மாநகராட்சிக்குப் பணம் கொடுத்து, மாநகராட்சியின் சட்ட அதிகாரத்தின் கீழ் 'லீப்' என்ற பெயரில் ஆட்களைச் சேர்த்து, 2020இலிருந்து கொலை அதிகமான பகுதிகளில் நிறுத்துகிறது. சட்டத்தின் ஓட்டைக்குள் நுழையாமல் வாசல் வழியே வந்த ஏற்பாடு. கௌட்டெங் மாகாணம் 2023இல் பிரீமியர் பன்யாஸா லெசுஃபியின் விருப்பத்தில் ஆயிரக்கணக்கான "குற்றத் தடுப்பு வார்டன்"களைத் திரட்டிச் சீருடை கொடுத்தது. மக்கள் அவர்களை அவர் பேரிலேயே 'அமாபன்யாஸா' என்றார்கள். தேர்தலுக்கு முந்தைய வருடம் அது. சட்ட அடிப்படை இல்லாத நியமனம் என்று 2025இல் பப்ளிக் புரொடெக்டர், அதாவது அரசு முறைகேடுகளை விசாரிப்பவர், சொல்லிவிட்டார். வேலையில்லாத பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்து, பிறகு அது செல்லாது என்றால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன? எனக்குக் கோபம் அங்கேதான் வருகிறது. மாகாணத்துக்கே போலீஸ் வேண்டும் என்பவர்கள் இந்த இரண்டாவது கதையையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். மாமியாரிடம் இதில் மட்டும் நான் தோற்றுவிட்டேன்.

இயற்கைப் பேரிடரில் கதை வேறு. அங்கே மாகாணத்துக்கு நிஜமான அதிகாரம் இருக்கிறது. 2002 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாகாணத்திலும், ஒவ்வொரு மாநகராட்சியிலும் மாவட்டத்திலும் தனி மையம் இருக்க வேண்டும். பிரீமியரே அரசிதழில் மாகாணப் பேரிடர் நிலையை அறிவிக்கலாம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. 430க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகள் மண்ணோடு சரிந்தன. முதலில் மாகாணப் பேரிடர் என்று அறிவித்து, பிறகு 18ஆம் தேதி அதிபர் தேசியப் பேரிடராக்கினார். மீட்புப் பணியில் குறை சொல்ல மாட்டேன். தேடுதல் குழு, ராணுவ ஹெலிகாப்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் ஓடின. ஆனால் மழை நின்ற பிறகுதான் அரசாங்கம் எப்படி என்று தெரியும். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் குடிநீர் நிலையம் அடித்துக்கொண்டு போனது. மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வீடு இழந்தவர்களில் பலர் ஒரு வருடத்துக்கு மேல் தற்காலிக இடங்களில் கிடந்தார்கள். பணம் மத்தியிலிருந்து மாகாணம், மாகாணத்திலிருந்து மாநகராட்சி என்று இறங்கி வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. அதே டோங்காட்டை 2024 ஜூனில் ஒரு சூறாவளிச் சுழல் சுழற்றிப்போட்டது.

ஆற்றங்கரை பயம் நம் மக்களுக்கு இங்கே பழசு. உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டிய அம்பலவாணர் கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோயிற்று. இப்போது கேட்டோ மேனரில் தீமிதிக்குப் போகிறோமே, அது பிறகு கட்டியது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, கரையில் தகரக் கொட்டகை போட்டு வாழ்ந்த இந்தியர்களின் 'டின் டவுன்' மூழ்கியது. மாரிமுத்து படவாட்டனும் கூட இருந்தவர்களுமாக ஆறு பேர் படகை இறக்கி 176 பேரைக் காப்பாற்றினார்கள். மீன்பிடிக்கிறவர்கள். தூத்துக்குடிக்காரர் நீங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது, நீங்கள் நிஜமாகவே யாரிடம் போவது? கலெக்டர் மாதிரி ஒருவர் இங்கே இல்லை. புகார் கொடுக்க ஸ்டேஷன். உள்ளே நுழைந்ததும் இருக்கிற மேசையைச் 'சார்ஜ் ஆபீஸ்' என்பார்கள். கேஸ் நம்பர் இல்லாமல் வெளியே வராதீர்கள். இன்சூரன்ஸுக்கும் அதுதான் ஆதாரம். புகாரை எடுக்க மறுத்தாலோ, டாக்கெட், அதாவது வழக்குக் கோப்பு, காணாமல் போனாலோ, முதலில் ஸ்டேஷன் கமாண்டர். அவரும் அசையவில்லை என்றால் மாகாணத்தின் சமூகப் பாதுகாப்புத் துறைக்கு எழுத்தில் புகார். மாகாணத்தின் கண்ணும் வாயும் உங்களுக்கு உதவுவது இங்கேதான். எழுதினால் விளக்கம் கேட்பார்கள், விளக்கம் கேட்டால் ஸ்டேஷனில் டாக்கெட் கிடைத்துவிடும், இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர் அடித்தாலோ, காவலில் யாராவது இறந்தாலோ அது ஐ.பி.ஐ.டி. என்ற தனி அமைப்பின் வேலை. தெரு விளக்கு எரியவில்லை, காலி மனையில் புதர் மண்டிக் கிடக்கிறது என்றால் வார்டு கவுன்சிலர். அற்ப விஷயம் மாதிரி இருக்கும். எங்கள் பகுதியில் வழிப்பறி குறைந்தது ஒரு புதரை வெட்டிய பிறகுதான். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்பேசியிலிருந்து அவசரத்துக்கு 112.

தனியார் காவலைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். நாட்டில் தேசிய போலீஸ் சுமார் 1,80,000 பேர். பணியில் இருக்கும் தனியார் காவலர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். வீட்டில் பட்டன் வைத்து, மாதம் பணம் கட்டினால், ஆர்ம்டு ரெஸ்பான்ஸ், அதாவது ஆயுதம் ஏந்திய காவலர் வண்டி, வரும். போலீஸுக்கு முன்னால் வருவது பெரும்பாலும் அவர்கள்தான். கையில் காசு உள்ள தெருவுக்குப் பாதுகாப்பு, இல்லாத தெருவுக்குப் பிரார்த்தனை என்று ஆகிவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் மாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். துப்பாக்கி யோசனையை நீங்கள் விட்டுவிடலாம்: குடிமகனோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவரோ இல்லாமல் உரிமம் கிடைக்காது.

வீட்டு இன்சூரன்ஸ் எடுக்கும்போது 'சாஸ்ரியா' சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கலவரச் சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்காது. அதற்கென்றே 1979இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. 2021க்கு மட்டும் 30 பில்லியன் ராண்டுக்கும் மேல் கொடுத்தது. பிரீமியம் மாதத்துக்குச் சில்லறைக் காசுதான், ஆனால் வண்டிக்கும் வீட்டுச் சாமானுக்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

வீடு பார்க்கும்போது துறைமுகத்துக்குப் பக்கம் என்று புரோக்கர் ஆற்றுப் பள்ளத்தில் ஒன்றைக் காட்டுவார். வாடகை குறைவாக இருக்கும். பின்பக்கச் சுவரில் ஈரக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள், 2022 ஏப்ரலில் யார் குடியிருந்தார்கள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். பிறகு எனக்கு முகவரி அனுப்புங்கள். அந்தப் பகுதி சி.பி.எஃப். ஆட்களை எனக்குத் தெரியும்.